'ஓரி' என்று எழுதிவிட்டால் அசலாகிவிடுமா?

வீட்டுக் காருக்கு உதிரிப்பாகம் வாங்கும் வேலை பல குடும்பங்களில் இப்போது பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. பட்டறையில் நிற்கும் அப்பா, கழற்றிப் போட்ட பிரேக் பேட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "ஷோப்பில எவ்ளோன்னு பாருய்யா" என்று கூடவே ஒரு குரல் பதிவு. இடைநிலைப்பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை தேடிப் பார்த்தால், ஒரே பாகம் ஒரு கடையில் மலிவாகவும் இன்னொரு கடையில் நான்கு மடங்கு விலையிலும் இருக்கிறது. இரண்டிலும் 'நூறு விழுக்காடு ஓரி' என்ற அதே வாசகம். எதை அழுத்துவது?

அப்பாவுக்குக் காரைப் பற்றி நிறையத் தெரியும். இணையக் கடையைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைக்கு நேர்மாறு. போலிப் பொருள் வீட்டுக்குள் நுழைவது இந்த இடைவெளி வழியாகத்தான். அதற்காக இணையத்தில் உதிரிப்பாகம் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நேர்மையான கடைக்காரர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் இருப்பவர்களுக்கு, பக்கத்தில் கிடைக்காத பாகத்தை இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் வழி அது. ஆனால், அசல் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. அவர் நிரூபிக்காதவரை 'ஓரி' என்ற சொல்லுக்கு நாம் ஒரு சென் மதிப்பும் கொடுக்கத் தேவையில்லை.

நம் நாட்டுப் பட்டறைகளில் புழங்கும் சொற்களே ஒரு தனி அகராதி. காரைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் பாக எண்ணும் அச்சிட்ட பெட்டியில் வருவது 'ஜெனுவின்'. அசல் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. டென்சோ, ஐசின், கேஒய்பி, அகெபோனோ போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. டென்சோவுக்கு சிலாங்கூர் பாங்கியிலேயே தொழிற்சாலை இருக்கிறது. அப்படிச் செய்து கொடுப்பவர் தன் சொந்தப் பெட்டியில், தன் சொந்தப் பெயரில் விற்கும்போது அதை 'ஓஇஎம்' என்கிறார்கள். தரத்தில் பெரும்பாலும் அசலுக்கு அருகில் நிற்கும், விலை குறையும். அடுத்து, காருடன் தொடர்பே இல்லாத வேறொரு நிறுவனம் அளவு பார்த்துத் தன் பெயரில் செய்யும் 'ரிப்ளேஸ்மென்ட்'. இதில் மிக நல்லதும் உண்டு, மிக மோசமானதும் உண்டு. 'ஹாஃப்கட்' வேறு வகை: ஜப்பானில் ஓடி முடிந்த காரைப் பாதியாக வெட்டி இங்கே கொண்டுவந்து பிரித்து விற்பது. பாகம் அசல்தான், ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

இவை எதையும் உள்ளபடி சொல்லி விற்றால் அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று, அடுத்தவர் பெயரைப் போட்டு விற்கும் போலியில் இருக்கிறது. இன்னோர் ஏமாற்று சொற்களைக் குழப்புவதில் இருக்கிறது. 'ஓஇஎம் ஓரி' என்று எழுதுவார்கள். 'ஓரி குவாலிட்டி' என்பார்கள். அதாவது அசல் இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. 'பெரோடுவா பிரேக் பேட்' என்பதும் 'பெரோடுவாவுக்கான பிரேக் பேட்' என்பதும் ஒன்றல்ல. முன்னது பெரோடுவாவின் பெட்டியில் வந்தாக வேண்டும். பின்னது அந்தக் காரில் பொருந்தும் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. தமிழ்ப் பாடத்தில் வேற்றுமை உருபைப் பிரித்துப் படித்த நமக்கு இது எளிதாகவே பிடிபட வேண்டும்!

சொல்லை விட்டு எண்ணுக்கு வருவோம். கார் உலகில் நம்பத்தகுந்த மொழி எண்தான்.

எண்கள் இரண்டு. ஒன்று உங்கள் காருடையது, மற்றது பாகத்தினுடையது. காரின் சேசிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. கெரான் எனப்படும் உரிமைப் பத்திரத்திலும் காரின் உடலிலும் அது இருக்கும். இங்கே தயாரான புரோட்டோன் என்றால் பிஎல்1 என்றும், பெரோடுவா என்றால் பிஎம்2 என்றும் தொடங்கும். கார் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது ஏன் போதாது என்பதற்கு மைவியே சாட்சி. முதல் மைவி 2005-ல் வந்தது, இரண்டாம் தலைமுறை 2011-ல், மூன்றாம் தலைமுறை 2017-ல். பெயர் ஒன்று, கார் மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு அளவு எஞ்சின்கள். 'மைவி பிரேக் பேட்' என்று தேடி முதலில் வருவதை வாங்கினால், அது அசலாகவே இருந்தாலும் உங்கள் காரில் உட்காராமல் போகலாம்.

பாக எண்ணுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. தொயோத்தா முறையைப் பின்பற்றும் பாகங்களில் ஐந்து இலக்கம், நடுவில் ஒரு கோடு, பிறகு ஐந்து எழுத்தோ இலக்கமோ வரும். முதல் ஐந்தும் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். 04465 என்று தொடங்கினால் முன்சக்கர பிரேக் பேட். கோட்டுக்குப் பின்னால் வருவது அது எந்தக் காருக்கு உரியது என்பதைப் பிரித்துக் காட்டும். தாய்ஹாட்சுவின் துணையுடன் உருவான நிறுவனம் என்பதால் பெரோடுவா பாகங்களிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். ஹோண்டாவின் எண் மூன்று துண்டாக இருக்கும்: ஐந்து, மூன்று, மூன்று. அங்கே முன்சக்கர பேட் 45022 என்று தொடங்கும். நடுத்துண்டு கார் மாடலைக் குறிக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுது போதும்.

உங்கள் சேசிஸ் எண்ணுக்கு உரிய பாக எண் எது என்பதை அந்தக் கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் உள்ள உதிரிப்பாக முகப்பில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். அங்கேயே அசல் விலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விலை கையில் இருந்தால், இணையத்தில் காணும் எந்த 'அதிரடிக் கழிவும்' உண்மையிலேயே கழிவா என்பது உடனே விளங்கிவிடும். பிறகு விற்பனையாளருக்கு ஒரே கேள்வி அனுப்புங்கள்: இதன் பாக எண் என்ன, பெட்டியில் உள்ள ஒட்டுவில்லையின் படத்தை அனுப்ப முடியுமா? பழைய எண்ணுக்குப் பதிலாக நிறுவனம் புதிய எண் கொடுத்திருப்பதும் உண்டு; அதை விவரம் தெரிந்த கடைக்காரர் விளக்குவார். "கண்டிப்பா பொருந்தும் பாஸ், பயப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஒருவேளை அவர் ஏமாற்றுக்காரர் இல்லாமல் இருக்கலாம். எதை விற்கிறோம் என்பது தெரியாதவரிடமும் பிரேக் வாங்கக் கூடாது.

இதில் ஓர் எச்சரிக்கை: எண்ணைக் கேட்கிறார்கள் என்று கெரானின் முழுப் படத்தையும் அனுப்பி வைக்காதீர்கள். அதில் உரிமையாளரின் அடையாள அட்டை எண்ணும் இருக்கிறது. சேசிஸ் எண்ணை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும்.

போலி செய்பவருக்கும் பெட்டியில் சரியான எண்ணை அச்சிடத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். எண் சரியாக இருப்பதால் மட்டும் பொருள் அசலாகிவிடாது. எண்ணே இல்லாதவரை விலக்குவதற்கு அது உதவும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது பொருளையும் ஆளையும்.

எண்ணெய் வடிகட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லாமே ஒரு தகர டப்பா. உள்ளேதான் மடிப்பு மடிப்பாக வடிதாளும், எஞ்சினை நிறுத்திய பிறகு எண்ணெய் வழிந்து இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் இருக்கின்றன. போலியில் தாளைக் குறைப்பார்கள், அல்லது வால்வு பெயருக்கு இருக்கும். மறுநாள் காலையில் காரை முடுக்கும்போது முதல் சில விநாடிகள் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் சுழலும். அன்றைக்கு எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் தேய்ந்து, ஒருநாள் பட்டறைக்காரர் எஞ்சினைத் திறந்து காட்டும்போது அந்த மலிவான டப்பா யாருடைய நினைவிலும் இருக்காது.

பிரேக் பேட் இன்னும் கொடியது. இரும்புத் தகட்டின்மேல் உராய்வுப் பொருளை ஒட்டிச் செய்வது அது. ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சிவப்பு விளக்கில் நிற்க எந்த பேடும் உதவும். கெந்திங் மலையிலிருந்தோ கேமரன் மலையிலிருந்து தாப்பா நோக்கியோ குடும்பத்துடன் இறங்கும்போதுதான் தரம் தெரியும். தொடர்ந்து மிதிப்பதால் சூடு ஏறும். தரமற்ற உராய்வுப் பொருள் சூட்டில் பிடிப்பை இழக்கும். சில வேளைகளில் தகட்டை விட்டே பெயர்ந்து வரும். அந்த இறக்கத்தில் திருப்பிக் கொடுக்கும் கொள்கையெல்லாம் உதவிக்கு வராது. தரச் சோதனைக்கு உலகளவில் ஓர் அளவுகோல் இருக்கிறது: ஐநாவின் 90-ஆம் எண் விதி. அதன்படி தேறிய பேடில், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் பொறித்திருக்கும். ரிப்ளேஸ்மென்ட் வாங்குவதாக இருந்தால் இந்தக் குறி உள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருளாகத் தேடுவது நல்லது.

காற்றுப்பையை மட்டும் இணையத்தில் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை விரிப்பான்கள் வெடித்துச் சிதறி உலகெங்கும் உயிர்ப்பலி வாங்கின, நம் நாட்டிலும் வாங்கின. அதனால் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தகைய கார்களுக்கு நிறுவனமே இலவசமாக மாற்றித் தருகிறது. உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொண்டு சேவை மையத்திலேயே பார்க்கலாம். பழைய காரிலிருந்து கழற்றிய காற்றுப்பையின் உள்ளே எது இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்?

எல்லாவற்றுக்கும் அசல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கால்மிதிக்கும் வைப்பர் ரப்பருக்கும் கதவுக் கைப்பிடிக்கும் மலிவானதை வாங்குங்கள், கெட்டால் இன்னொன்று. சம்பளத்துக்கும் செலவுக்கும் நடுவே ஓடும் குடும்பங்களில், கிராப் ஓட்டிப் பிழைக்கும் வீடுகளில், எல்லாமே அசல் என்பது நடைமுறைக்கு வராத அறிவுரை. நிறுத்துவது, திருப்புவது, மோதும்போது காப்பது ஆகிய மூன்றோடும் தொடர்புள்ள பாகமென்றால் மட்டும் அசல், அல்லது தயாரித்தவர் பெயர் தெரிந்த ஓஇஎம். பணம் போதாவிட்டால் கீழே இறங்க வேண்டியது ஓஇஎம் வரைக்கும்தான்.

விலைக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: பட்டறைக் கூலி. பாகத்தை நாமே கொண்டுபோனால் சில பட்டறைகள் கூடுதல் கூலி கேட்கும், சில பொருத்தவே மறுக்கும். இதைப் பேராசை என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாகத்தை அவர்களே தந்தால் பழுதுக்கும் அவர்களே பொறுப்பு. நாம் கொண்டுவந்த பாகம் இரண்டு வாரத்தில் கெட்டால், கழற்றி மாட்டும் கூலியை யார் கொடுப்பது? எடுத்துக்காட்டாக, இணையத்தில் 60 ரிங்கிட் மிச்சம் பிடித்து, பொருந்தாத பாகத்துக்காக 50 ரிங்கிட் கூலியை இரண்டு முறை கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அதனால் வாங்குமுன் வழக்கமான பட்டறைக்காரரிடம் அண்ணே என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். நானே வாங்கி வந்தால் மாட்டுவீர்களா, எந்த நிறுவனத்தின் பொருள் வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார். போலிடெக்னிக்கிலோ ஐகேபிஎன்னிலோ வாகனத்துறை படிக்கும் உறவுக்காரப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். பெரோடுவாவும் புரோட்டோனும் ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் வரை புதிய காருக்கு உத்தரவாதம் தருகின்றன. அதுவரை நேராகச் சேவை மையத்துக்கே போங்கள்.

இனி ஆள். 'மால்' என்ற குறி உள்ள கடை என்றால் அசல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குறி, கடைக்காரர் தான் விற்கும் பெயருக்கு உரிமை பெற்றவர் என்பதைக் காட்டுவதற்கு. அவர் விற்பது ஏதோ ஒரு ரிப்ளேஸ்மென்ட் நிறுவனத்தின் பொருளாக இருக்கலாம். அதை அசல் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். நட்சத்திரங்களையும் நம்பிவிட முடியாது. கார் பாகங்களுக்கான விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள்: "பார்சல் சீக்கிரம் வந்தது, இன்னும் பொருத்தவில்லை" என்று சொல்லி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். அது அஞ்சல்காரருக்குக் கொடுத்த நட்சத்திரம். இரண்டு மூன்று நட்சத்திர விமர்சனங்களில்தான் செய்தி இருக்கும்.

நிறுவனப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2019 முதல் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம் 12 இலக்க எண் கொடுக்கிறது. அதன் முதல் நான்கு இலக்கமும் பதிவு செய்த ஆண்டு. 'இருபது ஆண்டு அனுபவம்' என்று விளம்பரம் செய்யும் கடையின் எண் போன ஆண்டைக் காட்டினால், அதற்கு விளக்கம் கேட்பதில் தவறில்லை. தளத்துக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் பேசி, நேரடியாக வங்கியில் போடச் சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது. அப்படிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைச் சோதியுங்கள். பணம் போன பிறகுதான் தெரிந்தது என்றால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள்.

தளத்தின் வழியே வாங்கினால் ஒரு பாதுகாப்பு உண்டு. 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை நாம் அழுத்தும்வரை, அல்லது அதற்குரிய காலக்கெடு முடியும்வரை, பணம் விற்பனையாளர் கைக்குப் போகாது. பொட்டலம் வந்த மகிழ்ச்சியில் அதை அழுத்திவிடுகிறோம். பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுத்து, பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழைய பாகத்தோடு வைத்துப் பார்த்த பிறகு அழுத்துங்கள். பட்டறையில் நாள் குறித்துவிட்டு அதற்கேற்பப் பாகத்தை வரவழைத்தால் காலக்கெடு தாண்டாது.

இவ்வளவையும் வாங்குபவரே செய்ய வேண்டுமா என்று உங்களுக்கு எரிச்சல் வந்தால், அந்த எரிச்சல் நியாயமானது. 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்வணிக விதிமுறைகளே, இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி, பொருளின் முக்கியத் தன்மைகள், முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று சொல்லிவிட்டன. விற்பனையாளர்களின் விவரங்களைத் தளங்கள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லின. பொய்யான விவரத்தோடு பொருளை விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம். தனிநபருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க முடியும். சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டையை விற்க அளவும் நிறமும் கட்டாயம் கேட்கும் தளங்கள், பிரேக் பேடை விற்க பாக எண்ணைக் கட்டாயமாக்கவில்லையே, ஏன்? பாதுகாப்புப் பாகங்களுக்கு மட்டுமாவது பாக எண், தயாரித்தவர் பெயர், அசலா ஓஇஎம்மா ரிப்ளேஸ்மென்ட்டா பழையதா என்ற வகை, இவற்றை நிரப்பாமல் பட்டியலிட முடியாதபடி செய்ய வேண்டும். மென்பொருளில் மூன்று கட்டங்களைச் சேர்க்கும் வேலை இது. கணினித்துறை மாணவர் எவரைக் கேட்டாலும் இது பெரிய வேலையில்லை என்றுதான் சொல்வார். உள்நாட்டு வாணிப அமைச்சு இதைத் தளங்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது பயனீட்டாளர் நடுவர் மன்றம். அசல் என்று வாங்கியது போலி என்று தெரிந்து, கடைக்காரரும் தளமும் கைவிரித்துவிட்டால் அங்கே போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் ஐந்து ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஏற்கிறார்கள், இணையம் வழியாகவும் பதியலாம். மூன்று ஆண்டுக்குள் போனால் போதும். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, பெயர் தெரியாத கடையை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது கடினம். ஆகவே வாங்கும் அன்றே கடையின் பெயர், பதிவு எண், 'ஓரி' என்று எழுதிய விளம்பரப் பக்கம், உரையாடல், இரசீது எல்லாவற்றையும் திரைப்படம் பிடித்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விளம்பரப் பக்கம் பிறகு மாறிவிடும். நீங்கள் எடுத்து வைத்த படம் மாறாது.